தலையாட்டத் தெரியாதவர்களுக்கு...

கர்நாடக சங்கீதக் கச்சேரிக்குப் போக நம் ஆட்கள் ஏன் பயப்படுகிறார்கள்? ராகம் தெரியாது என்பதாலா? இல்லை ஸார். எந்த இடத்தில் தலையாட்டுவது என்று தெரியாது. அதுதான் நிஜமான காரணம்.

மேடையில் வித்வான் ஏதோ ஒரு வளைவு வளைக்கிறார். முன்வரிசைப் பெரியவர் 'ப்ச்... ப்ச்...' என்று உச்சுக் கொட்டுகிறார். (முதல் தடவை கேட்கிறவனுக்கு, பெரியவர் பல்லில் ஏதோ மாட்டிக்கொண்டது என்றுதான் தோன்றும்.) பக்கத்து சீட்காரர் தொடையில் தட்டுகிறார், விரலை ஒவ்வொன்றாக எண்ணுகிறார், கையைத் திருப்புகிறார், மறுபடி எண்ணுகிறார். மாசக் கடைசியில் பெட்டி கேஷ் டேலி ஆகாத கேஷியர் முகம் அப்படியே! நாமும் சும்மா இருந்தால் மரியாதை இல்லையே என்று ஒரு தட்டு தட்டினால்... அந்த விநாடி பார்த்து ஹாலே நிசப்தமாகிவிடும். நம் தட்டு மட்டும் தனி ஆவர்த்தனம்.

பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற நண்பர் இதையே வேறு மாதிரி சொன்னார்.

"ஏனுங்... ரெண்டரை மணி நேரம் உக்கார்றதெல்லாம் ஒரு கஷ்டமாங்? சினிமாவுக்கு உக்கார்றமில்ல? ஆனா கதையே இல்லாம வெறும் பாட்டை எப்படிங் கேக்கறது?"

யோசித்துப் பார்த்தால் மனுஷர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நமக்குக் கதை வேண்டும். இந்த ஆள் ஏன் பாடுகிறான், பாடாவிட்டால் இவனுக்கு என்ன ஆகும், பாடினால் யார் வயிறு எரியும்... இது தெரிந்துவிட்டால் போதும், ஆலாபனை தன்னால் காதுக்குள் இறங்கும். அதற்கென்றே சில படங்கள் இருக்கின்றன. அந்த லிஸ்ட்தான் இந்த வாரம்.

(லிஸ்ட்டைத் தயாரித்தது ஒரு பி.காம். மூளை. எனவே ராக லட்சணம் பற்றிச் சந்தேகம் கேட்டு யாரும் வாட்ஸ்அப் அனுப்ப வேண்டாம்.)

*

முதலில் கொஞ்சம் ஊர்ப் பெருமை. இதைச் சொல்லாமல் தாண்டிப் போனால் கோயமுத்தூர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்யதை கிடையாது.

தமிழ் சினிமாவும் கர்நாடக சங்கீதமும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திய காலம் ஒன்று உண்டு. 1930, 40-களில் ஒருத்தரை நடிக்கக் கூப்பிடும்போது 'நடிக்கத் தெரியுமா' என்பது இரண்டாவது கேள்விதான். 'பாடத் தெரியுமா' என்பது முதல் கேள்வி. அப்போது சிங்காநல்லூரில், திருச்சி ரோட்டில் சென்ட்ரல் ஸ்டூடியோ ஜேஜே என்று நடந்துகொண்டிருந்தது. எம்.கே.தியாகராஜ பாகவதரின் 'சிவகவி' (1943) அங்கே எடுத்த படம். பாபநாசம் சிவன் பாட்டு, பாகவதர் குரல். அதே ஸ்டூடியோவில் எஸ்.எம்.சுப்பையா நாயுடு என்று ஒரு இசையமைப்பாளர். அவரிடம் உதவியாளராக இருந்து தொழில் பழகியவர் எம்.எஸ்.விஸ்வநாதன். இன்றைக்கு அந்த ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஹாரன் தவிர வேறு சங்கீதம் கேட்பதில்லை.

அப்படியே கொடுமுடிக்கு வாருங்கள். கே.பி.சுந்தராம்பாள். 'கே' என்றால் கொடுமுடி. கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல் இறந்தபோது அந்த அம்மாவுக்கு வயது இருபதுகளில்தான். வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். சினிமாக்காரர்கள் விடுவார்களா? தேடி வந்தார்கள். சரி, ஜோடியே வேண்டாத வேஷம் எது? நந்தனார்! 1935-ல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, ஆண் வேஷத்தில் நடித்தார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய். 1935-ல் ஒரு லட்சம் ஸார்! நம் கிராஜுவிட்டி, பி.எஃப். எல்லாம் சேர்த்துப் போட்டாலும்... வேண்டாம், விடுங்கள்.

எதிரே வேதியர் வேஷத்தில் நின்றவர் சங்கீத உலகத்தின் பெரிய வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். கோயிலுக்குள் போகக் கூடாது என்று நிறுத்தி வைக்கப்பட்ட ஒருவனாகக் கொடுமுடிப் பெண்மணி நிற்கிறார், பாடுகிறார். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அந்தக் குரல் எப்படியிருக்கும் என்று தெரியாத தம்பிகள் 'ஔவையார்' (1953) பார்க்கலாம். மைக் எதற்கு வைத்தார்கள் என்று சந்தேகம் வரும்.

*

லிஸ்ட்டில் முதல் இடத்துக்குச் சண்டையே கிடையாது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968).

"அதை டி.வி.யில் நூறு தடவை பார்த்தாச்சே" என்பீர்கள். நூறு தடவையும் நீங்கள் பார்த்தது நாகேஷையும் மனோரமாவையும். வைத்தி எப்போ வருவான், ஜில் ஜில் ரமாமணி எப்போ வருவாள் என்று காத்திருந்துவிட்டு நடுவில் காபி குடிக்கப் போனவர்கள்தான் அதிகம். இந்தத் தடவை நாதஸ்வரத்துக்காகப் பாருங்கள்.

கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் கோபுலு சித்திரங்களோடு எழுதிய தொடர்கதை. ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். சிக்கல் சண்முகசுந்தரம் எப்பேர்ப்பட்ட ஆள்? கச்சேரி நடக்கும்போது வாணவேடிக்கை வெடித்தால் வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்துவிடுகிற ஆள். நம் ஆபீஸில் இப்படி ஒருத்தர் இருந்தால் 'ஹெட்வெயிட்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். அந்த ஹெட்வெயிட் எங்கிருந்து வருகிறது, அதற்கு அந்த மனுஷன் என்ன விலை கொடுக்கிறான் என்பதைத்தான் படம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் சொல்கிறது.

சிவாஜியின் கன்னம் உப்புகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. விரல்கள் துளைகளின் மேல் ஓடுகின்றன. ஆனால் வருகிற நாதம்? மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. இசை கே.வி.மகாதேவன். வாசித்தது வேறு ஆள் என்று தெரிந்த பிறகும் 'சிவாஜிதான் வாசிக்கிறார்' என்று நம்முடைய மனசு அடம்பிடிக்கிறது பாருங்கள், அதற்காக சிவாஜிக்கு ஒரு கும்பிடு. அந்த சகோதரர்களுக்கு இரண்டு கும்பிடு. தவிலுக்கு உட்கார்ந்திருப்பவர் டி.எஸ்.பாலையா. மூன்று வருஷம் முன்னால் 'திருவிளையாடல்' (1965) படத்தில் ஹேமநாத பாகவதராக வந்து (குரல்: பாலமுரளிகிருஷ்ணா) பாண்டிய நாட்டையே அடகு கேட்டுவிட்டு, ஒரு விறகு விற்கிறவன் பாட்டைக் கேட்டு ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டிய அதே பாலையா. சங்கீத வித்வானின் கர்வத்தையும் அது இறங்குகிற அழகையும் ஒரே முகத்தில் காட்ட அவரைவிட்டால் ஆள் கிடையாது.

நாதஸ்வரம் என்றால் 'கொஞ்சும் சலங்கை' (1962) சொல்லாமல் முடியாது. கதையை நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் அதில் ஆபேரி ராகத்தில் ஒரு பாட்டு. எஸ்.ஜானகி குரல், காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம். திரையில் ஊதுவது ஜெமினி கணேசன். குரல் ஓடுகிறது, நாதஸ்வரம் துரத்துகிறது. நாதஸ்வரம் ஓடுகிறது, குரல் எட்டிப் பிடிக்கிறது. ராகம் தெரியாதவன்கூட நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான். இசை யார்? நம்ம சென்ட்ரல் ஸ்டூடியோ சுப்பையா நாயுடு! படம் வந்து இரண்டே வருஷத்தில், 1964-ல் காருகுறிச்சி போய்விட்டார்.

திரையில் இப்படிக் கைதட்டுகிற நாம் கல்யாண மண்டபத்தில் என்ன செய்கிறோம்? மாப்பிள்ளை அழைப்புக்குப் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து செண்டை மேளம். ரிசப்ஷனுக்கு டி.ஜே. நாதஸ்வரக்காரர் ஓரமாக ஒரு ஜமுக்காளத்தில், ஏர்கூலர் தண்ணீர் தெறிக்கிற இடத்தில். "கெட்டி மேளம்... கெட்டி மேளம்..." என்று யாராவது கையை ஆட்டும்போதுதான் அங்கே ஆட்கள் இருப்பதே ஞாபகம் வரும். கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கல்யாணத்தில், வாசித்து முடித்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இப்போதெல்லாம் ராகம் விஸ்தாரமாக வாசிக்க நேரம் கிடைக்கிறதா என்று கேட்டேன்.

"கிடைக்குமுங். முகூர்த்தத்துக்கு முன்னால அரை மணி நேரம் எல்லாரும் டிபனுக்குப் போயிருவாங்க. அப்ப தோடி வாசிச்சுக்குவேன். சினிமாப் பாட்டு வேணும்னு கேக்கறதுக்கு ஆளிருக்காதுங்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்கு டிபன் இறங்கவில்லை.

*

நடுவில் ஒரு எச்சரிக்கை. சங்கீதப் படங்களில் போலிகள் ஏராளம். கண்டுபிடிப்பது சுலபம். கதாநாயகியின் மடியில் வீணை. பாட்டு மேலே மேலே போகிறது. அம்மணியின் இடது கை மட்டும் சீட்டில் துண்டு போட்டு இடம்பிடித்த மாதிரி ஒரே மெட்டில் இருக்கிறது என்றால், எழுந்து வந்துவிடலாம். பாடினால் விளக்கு எரிவது, மழை கொட்டுவது வகைப் படங்களுக்கும் தள்ளி நின்று ஒரு வணக்கம். ஒரே ஒரு விதிவிலக்கு, இந்திப் படம் 'பைஜு பாவ்ரா' (1952). போட்டியில் சலவைக்கல்லே உருகும். மன்னித்துவிடலாம். ஏனென்றால் நௌஷாத் இசையில் பின்னாலிருந்து பாடியவர்கள் உஸ்தாத் அமீர்கானும் டி.வி.பலூஸ்கரும். அவர்கள் பாடினால் கல் உருகாமல் என்ன செய்யும்?

*

'சிந்து பைரவி' (1985). சூலூர் பக்கத்துக் காசிகவுண்டன்புதூரில் பிறந்த சிவகுமார், ஜே.கே.பி. என்கிற பாடகராக நடித்த கே.பாலசந்தர் படம். யேசுதாஸ் குரலுக்கு வாயசைப்பு. அதிலும் ஸ்வரம் பாடும்போது உதடு ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. இளையராஜாவுக்கும் சுஹாசினிக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது. மிருதங்கத்துக்கு டெல்லி கணேஷ். உண்மையைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று நம்புகிற ஜனகராஜ். (நம் ஆபீஸில் அப்படி ஒருத்தர் இருந்தால் ஆடிட் சமயத்தில் லீவில் அனுப்பிவிடுவோம்.)

படத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற காட்சி: கச்சேரி முடிந்து எல்லோரும் புகழ்கிறபோது சிந்து எழுந்து ஒரு கேள்வி கேட்கிறாள். கேட்கிற ஜனங்களுக்குப் புரியாத பாஷையில் பாடினால் எப்படி, தமிழில் பாடினால் என்ன? பாடகருக்குக் கோபம். பாடிக் காட்டு பார்க்கலாம் என்கிறார். அவள் நாட்டுப்புற மெட்டில் ஆரம்பித்து, தியாகராஜர் கீர்த்தனை ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். கூட்டம் எழுந்து நிற்கிறது.

இந்தக் கேள்வி பாலசந்தர் கண்டுபிடித்ததல்ல. 1940-களிலேயே இதற்காகத் தமிழ்நாடு இரண்டுபட்டது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1943-ல் தமிழிசைச் சங்கம் வைத்தார். அந்த இயக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருத்தர் நம்ம கோயமுத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார். ஆமாம், சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பரில் படித்த அதே நிதியமைச்சர். காமர்ஸ் படித்தவனுக்கு சங்கீதத்தில் என்ன வேலை என்று இனி யாரும் என்னைக் கேட்கக் கூடாது!

படத்தில் எனக்கு ஒரு சண்டை உண்டு. பைரவிக்கு (சுலக்ஷணா) சங்கீத ஞானம் இல்லை. ரொம்ப நல்ல பெண். ராகம் தெரியாத ஒரே குற்றத்துக்குப் படம் முழுக்க அனுபவிக்கிறாள். புருஷனோ மேடையில் சிங்கம். பிறகு குடிக்காகக் கண்ட இடத்தில் கண்டதைப் பாடி ஆடுகிறார். ராகம் தெரிந்தவர்தான் தடுமாறுகிறார், தெரியாதவள் ஸ்திரமாக நிற்கிறாள். ஆனாலும் படம் அவளைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கிறது. அந்த இடங்களில் என்னால் சிரிக்க முடிவதில்லை. கச்சேரியில் தலையாட்டத் தெரியாத நாமெல்லாம் பைரவி கட்சிதானே?

'சங்கராபரணம்' (1980) பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கே.விஸ்வநாத்தின் தெலுங்குப் படம். தெலுங்கிலேயே தமிழ்நாட்டில் ஓடியது. ஹீரோ ஜே.வி.சோமயாஜுலு, அரசாங்கத்தில் டெபுடி கலெக்டர் உத்தியோகம் பார்த்தவர். பாடிய எஸ்.பி.பி. முறையாகக் கர்நாடக சங்கீதம் படிக்காதவர். அவருக்கு முதல் தேசிய விருது இந்தப் படத்தில்தான். இசை? மறுபடியும் நம்ம கே.வி.மகாதேவன். படம் வெளியானது 1980 பிப்ரவரி 2. விஸ்வநாத் காலமானது 2023 பிப்ரவரி 2. இதற்கு மேல் நான் என்ன எழுத?

*

வாளையார் தாண்டினால் செம்பை வைத்தியநாத பாகவதரின் ஊர். அந்தப் பக்கத்து மனுஷர்கள் சங்கீதப் படம் எடுத்தால் அதில் ஒரு நிதானம் இருக்கும். 'பரதம்' (1991) பாருங்கள். சிபி மலயில் இயக்கம், மோகன்லாலுக்கும் யேசுதாஸுக்கும் தேசிய விருது.

கதை இதுதான். அண்ணன் (நெடுமுடி வேணு) பெரிய பாடகர். குடி. ஒருநாள் மேடையில் குரல் தடுமாறுகிறது. கூடப் பாடுகிற தம்பி (மோகன்லால்) வேறு வழியில்லாமல் எடுத்துப் பாடுகிறான். கச்சேரி காப்பாற்றப்படுகிறது. அண்ணன் தம்பி உறவு அந்த நிமிஷமே விரிசல் விடுகிறது. தம்பி செய்தது உதவியா, துரோகமா? அண்ணனைக் கேட்டால் ஒன்று, சபாக்காரர்களைக் கேட்டால் இன்னொன்று. ஒரே வீட்டில், ஒரே தொழிலில் அண்ணன் தம்பிகள் இருந்தால் என்ன நடக்கும் என்று கொங்கு நாட்டில் யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மில்லாக இருந்தால் என்ன, மேளகர்த்தாவாக இருந்தால் என்ன? பின்பாதியில் தம்பிக்கு ஒரு செய்தி வருகிறது. வீட்டில் தங்கைக்குக் கல்யாணம். செய்தியை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு அவன் பாடியாக வேண்டும். என்ன செய்தி என்று நான் சொல்லமாட்டேன். பாட்டு என்றால் வெறும் குரல் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்த அரை மணி நேரம் பாருங்கள்.

அதே நெடுமுடி வேணு, வேம்பு ஐயர் என்ற மிருதங்க வித்வானாக வந்தது 'சர்வம் தாளமயம்' (2019). ராஜீவ் மேனன் படம், ஏ.ஆர்.ரஹ்மான் இசை. ஜி.வி.பிரகாஷ், பீட்டர் ஜான்சன் என்கிற பையன். அப்பா மிருதங்கம் செய்கிற தொழிலாளி.

மிருதங்கம் என்றால் என்ன? பலா மரக்கட்டை. அதன் இரண்டு வாயிலும் தோல். பசு, எருமை, ஆடு என மூன்று தோலும் வேண்டும். எந்த மாட்டின் தோல் நன்றாகப் பேசும் என்று தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுருதி சேர்ந்ததா என்று தட்டித் தட்டிக் கேட்க வேண்டும். அதாவது வித்வானின் காதுக்குக் குறையாத ஒரு காது அந்தத் தொழிலாளிக்கும் வேண்டும். அந்தக் காது மேடைக்கு வரலாமா என்று கேட்டால்தான் சிக்கல். மிருதங்கம் மேடை ஏறும். அதைச் செய்தவன் பச்சை அறை வாசலோடு திரும்ப வேண்டும். பீட்டர் அந்த வாசலில் நிற்கிறான்.

கொடுமுடி அம்மா நந்தனாராக வாசலில் நின்றது 1935. இந்தப் பையன் நின்றது 2019. நடுவில் எண்பத்து நாலு வருஷம். என் கால்குலேட்டரில் தப்பில்லை, இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரு டி.வி. போட்டியில் கொண்டுபோய் முடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. சாதி விஷயத்தை நடுவர் மார்க்கால் தீர்க்க முடியுமென்றால் எப்போதோ தீர்ந்திருக்கும். ஆனாலும் நெடுமுடி வேணுவுக்காகவும், அப்பாவாக வருகிற குமரவேலின் கைகளுக்காகவும் பார்க்க வேண்டிய படம். வேணு 2021-ல் காலமானார்.

*

இனி கொஞ்சம் வெளியூர்ப் பயணம்.

கணக்கு எழுதுகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது சத்யஜித் ராயின் 'ஜல்சாகர்' (1958). வங்காளத்து ஜமீன்தார் ஒருத்தர். நிலத்தை ஆறு தின்றுவிட்டது. அவருடைய பேலன்ஸ் ஷீட்டை நான் போட்டுப் பார்த்தேன். சொத்துப் பக்கம்: ஒரு யானை, ஒரு குதிரை, ஒரு பெரிய சரவிளக்கு, ஒரு சங்கீத ஹால். கடன் பக்கம்: மற்ற எல்லாம். பக்கத்து வீட்டுப் புதுப் பணக்காரன் கச்சேரி வைக்கிறான் என்று தெரிந்ததும், பெட்டியில் மிச்சமிருந்த கடைசிப் பணத்தில் அதைவிடப் பெரிய கச்சேரி வைக்கிறார். நாட்டியம் முடிந்ததும் புதுப் பணக்காரன் முந்திக்கொண்டு பரிசுப் பணம் நீட்ட, பெரியவர் தன் கைத்தடியின் வளைவால் அவன் கையைப் பிடித்து நிறுத்துகிறார். விருந்து வைத்தவனுக்குத்தான் முதல் உரிமை! கையிலிருந்த கடைசிக் காசு அத்தனையும் அப்போது போகிறது. முட்டாள்தனம்தான். ஆனால் அந்த நிமிஷம் சபி பிஸ்வாஸ் முகத்தைப் பார்த்தால் நமக்கே எழுந்து நிற்கத் தோன்றுகிறது. இசை விலாயத் கான், பாடுவது பேகம் அக்தர், ஷெனாய் பிஸ்மில்லா கான். அந்தப் பணம் எங்கே போயிற்று என்று ஆடிட்டர் கேட்டால் இந்த மூன்று பெயரைச் சொல்லலாம்.

ஆபீஸ்காரர்களுக்கென்றே எடுத்த மாதிரி இன்னொன்று, 'அமேடியஸ்' (1984). எட்டு ஆஸ்கர். அரண்மனை இசையமைப்பாளர் சாலியேரி. ஒழுங்கானவர், சீனியர், டயத்துக்கு வருகிறவர். புதிதாக மொசார்ட் என்று ஒரு பொடியன் வருகிறான். இவர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிய வரவேற்பு மெட்டை ஒரு தடவை கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வாசித்து, 'இந்த இடம் சரியில்லையே' என்று எல்லோர் எதிரிலும் திருத்திக் காட்டுகிறான். நீங்கள் மூன்று நாள் உட்கார்ந்து போட்ட ஸ்டேட்மெண்ட்டை, நேற்று ஜாயின் பண்ணின பையன் எம்.டி. முன்னால் இரண்டு நிமிஷத்தில் சரிசெய்தால் வயிற்றில் ஒன்று கிளம்புமே... அதுதான் படம்! (நிஜ சாலியேரி இவ்வளவு மோசமில்லை. விஷம் வைத்தார் என்பதெல்லாம் கட்டுக்கதை.) கொடுமை என்னவென்றால், மொசார்ட்டின் அருமை அந்த ஊரிலேயே முழுசாகப் புரிந்த ஒரே ஆளும் அதே சாலியேரிதான். கே.விஸ்வநாத்தின் 'ஸ்வாதி கிரணம்' (1992) இதையே குருவுக்கும் ஒரு சிறுவனுக்கும் நடுவில் வைத்துப் பார்க்கிறது. மம்முட்டிதான் அந்தக் குரு. குழந்தையிடம் பொறாமைப்படுகிற பெரிய மனுஷனாக நடிக்க எத்தனை நடிகர்கள் சம்மதிப்பார்கள்?

கடைசியாக ஒன்று. இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

'தி டிசைப்பிள்' (2020). சைதன்ய தம்ஹானேயின் மராத்திப் படம். வெனிஸ் விழாவில் சிறந்த திரைக்கதை விருது. ஷரத் என்கிற இளைஞன் மும்பையில் இந்துஸ்தானி சங்கீதம் கற்றுக்கொள்கிறான். பகலில் பழைய ஒலிப்பதிவுகளைப் புது வடிவத்துக்கு மாற்றுகிற ஒரு சின்ன வேலை. ராத்திரி ஆள் நடமாட்டம் குறைந்த ரோட்டில் மெதுவாக பைக் ஓட்டிக்கொண்டு, காதில் ஒரு பழைய மேதையின் சொற்பொழிவைக் கேட்டபடி போகிறான். தன்னை அழித்துக்கொண்டால்தான் ராகம் வரும் என்கிறது அந்தக் குரல். குருவுக்கு உடம்பு சரியில்லை. அவருக்குக் கால் பிடித்துவிடுகிறான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறான். சாதகம், சாதகம், சாதகம்.

எல்லா சினிமாவிலும் இதற்கப்புறம் என்ன நடக்கும்? கடைசி ரீலில் பெரிய சபா, கைதட்டல், குருவின் கண்ணில் நீர். இதில் வருஷங்கள்தான் போகின்றன. ஷரத்துக்குத் தொப்பை விழுகிறது. அவனிடம் உழைப்பு இருக்கிறது, ஒழுக்கம் இருக்கிறது, பக்தி இருக்கிறது. அது மட்டும் வரவில்லை. எது என்று அவனுக்கும் தெரியும், குருவுக்கும் தெரியும், நமக்கும் காதால் தெரிந்துவிடுகிறது. ராகமே தெரியாத நமக்கு!

பீளமேட்டு நண்பருக்கு இந்தப் படத்தைத்தான் முதலில் சொன்னேன். பார்த்துவிட்டு இரண்டு நாள் போனே இல்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"காலேஜ்ல நான் புல்லாங்குழல் வாசிப்பேனுங். உங்ககிட்ட சொன்னதில்லீங்ளா?"

"இல்லீங்களே. இப்ப வாசிக்கறீங்களா?"

"வேலைக்குச் சேந்தப்ப பரண் மேல போட்டதுங். நேத்து எடுத்துத் தொடச்சு வெச்சேன். வாயில வெக்கலை... தொடச்சு மட்டும் வெச்சேனுங்."

அதனால் சொல்கிறேன், இந்தப் படத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பார்க்காதீர்கள். மறுநாள் ஆபீஸ் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி நல்லது. சனிக்கிழமை பரண் ஏற நேரம் கிடைக்கும்.